பேசி முடிக்காதீர்கள்: தோட்டத்து வகுப்பில் பிள்ளைகளைக் காக்கும் முறை

கேமரன் மலையில், கம்போங் ராஜாவில் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை டியூஷன் நடத்துகிறீர்கள். அல்லது தேவார வகுப்பு, அல்லது பந்து விளையாட்டுக் குழு. அம்மா கொழுந்து பறித்தோ காய்கறித் தோட்டத்தில் வேலை முடித்தோ திரும்பும்வரை நாலைந்து பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவராகவும் இருக்கலாம். சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்த நேரத்துக்கு அந்தப் பிள்ளைகளுக்குப் பொறுப்பு நீங்கள்தான். இந்த அத்தியாயம் உங்களுக்காக.

ஒரு பிள்ளை வந்து சொன்னால் என்ன செய்வது என்பதை முதலில் எழுதுகிறேன். வகுப்பின் விதிமுறைகளைத் திருத்துவது பிறகு வரும். விதி எழுதி முடிக்கும்வரை எந்தப் பிள்ளையும் காத்திருக்காது. இந்தச் சனிக்கிழமையே ஒருத்தி உங்கள் பக்கத்தில் வந்து நிற்கலாம்.

நம் மலையில் எது தடை

முதல் தடை தூரம். மாவட்ட மருத்துவமனை தானா ராத்தாவில் இருக்கிறது. கோலா தெர்லா, திரிங்காப், கீ பார்ம், பிரிஞ்சாங் என்று வளைந்து வளைந்து போக வேண்டும். வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் கீ பார்ம் பக்கம் வாகனங்கள் அசையாமல் நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். எங்கே, எப்படிப் போவது என்பதை அன்றைக்கு உட்கார்ந்து யோசிக்க முடியாது. முன்கூட்டியே முடிவு செய்து வைக்க வேண்டும்.

இரண்டாவது தடை வீடு. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். கொடுமை செய்பவன் மேற்பார்வையாளனாகவோ அவனுக்கு வேண்டியவனாகவோ இருந்தால், பெற்ற தாயே வாயை மூடிக்கொள்வாள். அவளுக்குப் பாசம் இல்லை என்று பேசுவது கொடுமை. அவளுக்குப் போக இடமில்லை.

மூன்றாவது தடையைச் சொல்லத் தேவையே இல்லை: தோட்டத்தில் எல்லாரும் மாமா, சித்தப்பா, அண்ணன். அதனால்தான் "நம்ம ஆளுதானே" என்ற சொல் இத்தனை பிள்ளைகளைக் காவு வாங்கியிருக்கிறது.

சட்டத்தில் இவ்வளவு தெரிந்தால் போதும்

1990-இல் இரண்டு வயதைச் சற்றே கடந்த ஒரு தமிழ்ப் பையன் கொடுமைக்கு ஆளாகி மருத்துவமனையில் இறந்தான். நாடே கொதித்தது. 1991-இல் சிறார் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் இப்போது இருப்பது 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டம். 2016-இல் அதைத் திருத்தித் தண்டனையைக் கூட்டினார்கள். பிள்ளையைக் கொடுமை செய்பவருக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதமும் 20 ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம். 18 வயது நிறையாத எல்லாருமே இந்தச் சட்டத்துக்குப் பிள்ளைகள்தான். குடியுரிமை உள்ள பிள்ளை, இல்லாத பிள்ளை என்ற பிரிவு அதில் இல்லை. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்கும், வெளிநாட்டுத் தொழிலாளியின் பிள்ளைக்கும், பூர்வகுடிக் கிராமத்துப் பிள்ளைக்கும் இதே பாதுகாப்புதான்.

பாலியல் குற்றத்துக்குத் தனிச் சட்டம் 2017-இல் வந்தது. அதில் உங்களைத் தொடும் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசுக்குத் தகவல் கொடுக்காதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. இது ஆசிரியருக்கு மட்டும் அல்ல, எவருக்கும் பொருந்தும். உறவினர், பிள்ளை பார்ப்பவர், ஆசிரியர், பயிற்சியாளர் போன்ற நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் குற்றம் செய்தால் வழக்கமான தண்டனைக்கு மேல் 5 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் கூடும். மூன்றாவதை அடிக்கோடிட்டு வையுங்கள்: வேறு சாட்சி இல்லாமல் பிள்ளையின் வாக்குமூலத்தை மட்டும் வைத்தே நீதிமன்றம் தண்டிக்கலாம். "சாட்சி எங்கே?" என்று மண்டபத்தில் யாராவது கேட்டால் உங்கள் பதில் இதுதான்.

பிள்ளை சொன்னதும்: முதல் ஒரு மணி நேரம்

1. கையில் இருக்கும் வேலையை வைத்துவிடுங்கள். பிள்ளையின் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். மற்றவர்கள் காதில் விழாத, ஆனால் கண்ணில் படும் இடமாக இருக்கட்டும். மண்டபத்தின் பின்வாசல் படி நல்ல இடம். பூட்டிய அறை வேண்டாம்.

2. அவள் சொல்லும் வேகத்தில் சொல்லட்டும். பேச்சு நின்றால் "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். "அவர் உன்னை இங்க தொட்டாரா, அங்க தொட்டாரா?" என்று கேட்காதீர்கள். நீங்கள் சொல்லிக் கொடுத்த பதில் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதையே பிடித்துக்கொள்வார்.

3. முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள். நீங்கள் அதிர்ந்தால் அவள் பாதியில் நிறுத்திவிடுவாள். "ஐயோ, ஏன் முன்னாடியே சொல்லல?" என்பது நல்ல மனதில் வரும் கேள்விதான். பிள்ளையின் காதில் அது குற்றச்சாட்டாக விழும்.

4. மூன்று வாக்கியம் சொல்லுங்கள்: "நீ சொன்னது நல்லது. உன் மேல தப்பு இல்ல. இதுக்கு உதவி பண்ணக்கூடியவங்ககிட்ட நான் சொல்லணும்."

5. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு நான் அந்த வாக்கைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு மறுநாள் மீற வேண்டி வந்தது. அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவே இல்லை. போலீசிடம் அவளைப் பேசவைக்க வேறொருவர் பல நாள் உட்கார வேண்டியிருந்தது. அந்த நாட்கள் அவளுக்கு எப்படிக் கழிந்திருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

6. பிள்ளை நகர்ந்ததும் எழுதுங்கள். உங்கள் கருத்தை எழுத வேண்டாம். அவள் வாயில் வந்த சொல்லை வந்தபடியே எழுதுங்கள். கொச்சையைத் திருத்தாதீர்கள்.

எப்படி எழுதுவது என்று ஒரு மாதிரி தருகிறேன். ஆட்கள் கற்பனை:

"சனி, காலை மணி 10.40. மண்டபப் பின்வாசல் படி. அவள்: 'மாமா ராத்திரி என் பாய்கிட்ட வர்றாரு டீச்சர். எனக்குப் புடிக்கல. அம்மாகிட்ட சொன்னா அம்மாவுக்கு வேல போயிடும்னாரு.' நான்: 'அப்புறம்?' அவள்: 'தீபாவளிக்கு அப்புறம் நெறய தடவ.' அழவில்லை. சட்டை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். இடது முழங்கைக்குக் கீழே 20 சென் நாணய அளவில் ஒரு காயம். அதைப் பற்றி நான் கேட்கவில்லை. எழுதி முடித்த நேரம் 11.05."

கீழே உங்கள் பெயர், கையெழுத்து. அவ்வளவுதான். "மாமா கெட்டவர் என்று நினைக்கிறேன்" என்ற வரிக்கு இந்தத் தாளில் இடமில்லை.

7. அன்றைக்கே தகவல் சொல்லுங்கள். திங்கட்கிழமை ஆகட்டும் என்று விட்டால், நடுவில் இரண்டு ராத்திரி இருக்கிறது.

கவனம்: சம்பந்தப்பட்ட ஆளிடம் நீங்கள் போய்க் கேட்காதீர்கள். கோபத்தில் ஒருமுறை கேட்டுவிட்டால் போதும், அவன் பிள்ளையின் வாயை அடைப்பான், கைப்பேசியில் உள்ளதை அழிப்பான், அல்லது மலையிறங்கிப் போய்விடுவான்.

யாரிடம், எந்த வரிசையில்

பிள்ளைக்கு இந்த நிமிடமே ஆபத்து என்றால் 999. மற்ற நேரத்தில் 15999, தாலியான் காசே. மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சு நடத்தும் 24 மணி நேர உதவி எண் அது. பேசத் தயக்கமாக இருந்தால் 019-2615999 என்ற எண்ணுக்குப் புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், செய்தி அனுப்பலாம். லயத்தில் சுவர் மெல்லியது. பேசினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்ற நிலையில் இந்த வழி கைகொடுக்கும்.

போலீஸ் புகாரை நாட்டின் எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். உள்ளூரில் தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்று குடும்பம் பயந்தால், சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கி ஈப்போவில் கொடுத்தாலும் செல்லும். மாநிலம் மாறுகிறதே என்று தயங்க வேண்டாம். புகார் மலாயில் பதிவாகும். கையெழுத்துப் போடுவதற்கு முன் வாசித்துக் காட்டி விளக்கச் சொல்லுங்கள். "அடித்தார்" என்பதும் "தள்ளினார்" என்பதும் ஒன்றல்ல. புகாரின் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பெண் அதிகாரி வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. பாலியல், மகளிர், சிறார் வழக்குகளுக்கென்றே போலீசில் டி11 என்ற தனிப்பிரிவு இருக்கிறது.

உடல் காயமோ பாலியல் கொடுமையோ என்றால் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே ஒரே இடத்தில் சிகிச்சையும் பரிசோதனையும் போலீசும் சமூக நல இலாகாவும் சேரும் ஏற்பாடு உண்டு. ஓஎஸ்சிசி என்பார்கள். முதலில் 1994-இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கியது. போலீஸ் புகார் கையில் இல்லை என்று சிகிச்சைக்குத் தயங்காதீர்கள். புகாரை அங்கிருந்தே கொடுக்கலாம்.

போகும் முன் இதைப் பாருங்கள்:

- பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டாம். அம்மாவுக்கும் பாட்டிக்கும் முதலில் தோன்றுவது அதுதான். தடயம் தண்ணீரோடு போய்விடும். முதல் 72 மணி நேரம் முக்கியம்.
- போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிவிடும்.
- மாற்றுத் துணி, ஒரு கம்பளி, பிறப்புப் பத்திரமோ மைகிட்டோ இருந்தால் அது. இல்லாவிட்டால் தேடிக்கொண்டு நிற்காமல் கிளம்புங்கள்.
- 72 மணி நேரம் கடந்துவிட்டது என்பதற்காகப் போகாமல் இருக்காதீர்கள். சிகிச்சைக்கும் புகாருக்கும் அந்தக் கெடு கிடையாது.

அதன்பிறகு என்ன நடக்கும்? குடும்பம் கேட்கும் முதல் கேள்வி "பிள்ளையத் தூக்கிட்டுப் போயிடுவாங்களா?" என்பதுதான். நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். வீட்டில் இருப்பது ஆபத்து என்று பட்டால் சமூக நல இலாகாவின் பாதுகாவல் அதிகாரியோ போலீசோ பிள்ளையைத் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளலாம். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தின் முன் நிறுத்த வேண்டும். தகுந்த உறவினரிடம் ஒப்படைக்கவும் நீதிமன்றத்தால் முடியும். எனவே ஈப்போவிலோ பீடோரிலோ நம்பகமான பெரியம்மா இருந்தால் அன்றைக்கே அதிகாரியிடம் சொல்லுங்கள். யாரும் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை.

பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள். 2007-ஆம் ஆண்டின் சிறார் சாட்சியச் சட்டத்தால் பயிற்சி பெற்ற அதிகாரி எடுக்கும் காணொளி வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் காட்டலாம். பிள்ளை எதிரியின் முகம் பார்க்காமல் திரைக்குப் பின்னாலிருந்தும் சாட்சி சொல்லலாம்.

"கூப்பிட்டுப் பேசி முடிச்சிடுவோம்"

வழக்குகள் உடைவது பெரும்பாலும் போலீஸ் நிலையத்தில் அல்ல. அதற்கு முந்தைய இரவு கோயில் மண்டபத்தில் போடும் கூட்டத்தில். கோயில் தலைவரின் பேச்சு எப்படி வரும், அதற்கு என்ன பதில் என்று எழுதிவைக்கிறேன். பழக்கமாகட்டும்.

"ஏம்மா, தோட்டத்துப் பேரு கெட்டுடும். ரெண்டு வீட்டையும் கூப்பிட்டு ஒரு மன்னிப்புக் கேக்க வெச்சு முடிச்சிடுவோமே."

"ஐயா, நீங்க பெரியவங்க, உங்கள மீறிப் பேசறதா நெனைக்காதீங்க. இது ரெண்டு வீட்டுச் சண்டை இல்ல. நான் இப்பவே தகவல் சொல்லலேன்னா என் மேலயும் கேஸ் வரும், தெரிஞ்சு மறைச்சீங்கன்னு உங்க மேலயும் வரும். நீங்க என்கூட ஸ்டேஷனுக்கு வந்தா பிள்ளைக்குத் தைரியமா இருக்கும்."

கடைசி வாக்கியம் முக்கியம். தலைவரை எதிர்க்கட்சியில் நிறுத்தாமல் உங்கள் பக்கம் ஒரு வேலை கொடுத்துக் கூப்பிடுகிறீர்கள். பலர் வருவார்கள். வராதவருக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இன்னும் சில தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. "பாவம்" என்று பிள்ளையின் படத்தைப் புலனக் குழுவில் போடுகிறார்கள். பெயர், முகம், பள்ளி எதுவும் வெளியே போகக்கூடாது. ஊடகத்தில் வந்தால் அது சட்டப்படி குற்றம், குழுவில் வந்தால் பிள்ளை பள்ளிக்கூட வாசலைத் தாண்ட முடியாது. பணம் வாங்கிக்கொண்டு புகாரைத் திரும்பப் பெறுவதாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். வழக்குத் தொடுப்பது அரசாங்கம். இரண்டு வீடும் கைகுலுக்கினால் அது மறைந்துவிடாது. மிகப் பெரிய கொடுமை, பிள்ளையைக் கொடுமை செய்தவனுக்கே கட்டிவைக்கும் பேச்சு. அது காதில் விழுந்த நிமிடமே 15999.

வகுப்பின் விதிகளை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

2024 செப்டம்பரில் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் ஒரு நிறுவனத்தோடு தொடர்புடைய 20 இல்லங்களிலிருந்து 402 பிள்ளைகளைப் போலீசார் மீட்டார்கள். சமயப் பெயரும் நல்ல பெயரும் பாதுகாப்பு ஆகாது என்று நாடு அன்று கண்டது. உங்கள் வகுப்பில் 12 பிள்ளைகள் இருக்கலாம். பாடம் ஒன்றுதான்: எந்த மனிதரின் நல்ல குணத்தையும் நம்பி ஏற்பாடு செய்யாதீர்கள். நல்லவருக்கு விதி ஒரு பாரமே இல்லை.

1. இரண்டு பெரியவர் இல்லாமல் வகுப்பு இல்லை. ஒருவர் வரவில்லை என்றால் ஒரு தாயைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். அதுவும் முடியாவிட்டால் வகுப்பை ரத்து செய்யுங்கள்.

2. கதவு திறந்தே இருக்கும். பனி இறங்கும் குளிர்நாளில் கதவைச் சாத்தத் தோன்றும். பிள்ளைகளைக் கம்பளிச் சட்டையோடு வரச் சொல்லுங்கள், கதவு திறந்திருக்கட்டும்.

3. வேனில் கடைசியாக இறங்கும் பிள்ளை தனியாக இருக்கக்கூடாது. இதைத்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். காலையில் 12 பேர் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். இறங்க இறங்கக் குறைந்து, மேல் லயத்துப் பெண் ஒருத்தி மட்டும் ஓட்டுநரோடு தேயிலைக் காட்டுப் பாதையில் போவது யார் கண்ணிலும் படாது. வழியை மாற்றிக் கடைசி நிறுத்தத்தில் இரண்டு பிள்ளைகளாவது சேர்ந்து இறங்கும்படி செய்யுங்கள். முடியாவிட்டால் ஒரு பெரியவர் கடைசிவரை வேனில் போகட்டும்.

4. ஆசிரியர் பிள்ளைக்குத் தனிச்செய்தி அனுப்பக்கூடாது. வீட்டுப்பாடம் பெற்றோர் இருக்கும் குழுவில் மட்டும். பிள்ளையோடு தனியே செய்தி பரிமாறிப் பழகிப் பாலியல் நோக்கத்துக்கு இணங்கவைப்பதே 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு தனிக் குற்றம்.

5. கழிவறைக்குச் சின்னப் பிள்ளைகள் இருவராகப் போகட்டும். பெரியவர் வாசலுக்கு வெளியே நிற்கட்டும்.

6. புது ஆள் எடுப்பதற்கு முன் இரண்டு பேரிடம் விசாரியுங்கள், ஒருவர் தோட்டத்துக்கு வெளியே உள்ளவராக இருக்கட்டும். பிள்ளைகளுக்கு எதிரான குற்றத்தில் தண்டனை பெற்றவர்களின் பதிவேடு சமூக நல இலாகாவிடம் இருக்கிறது. பெயரைச் சரிபார்க்க மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயதுக்கு உட்பட்ட 4 பிள்ளைகளையோ அதற்கு மேலோ சம்பளம் வாங்கி வீட்டில் பார்த்துக்கொண்டால் அது தாஸ்கா, அதாவது குழந்தைக் காப்பகம். 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். அந்தக் காலத்து ஆயாக் கொட்டகையை நினைத்து "நம்ம பிள்ளைங்கதானே" என்று விட்டுவிடாதீர்கள்.

பழைய முறையை மாற்றும் கூட்டம்

விதியை நீங்கள் தனியாக எழுதி ஒட்டினால் ஒரு மாதத்தில் கிழிந்துவிடும். கோயில் நிர்வாகமும் பெற்றோரும் உட்காரும் ஒரு கூட்டத்தில் நிறைவேற்றுங்கள். நேரம் முக்கியம்: வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு, இரவு 8 மணி. தாய்மார் வராத கூட்டத்தில் எதையும் நிறைவேற்ற வேண்டாம்.

"எங்க மேல சந்தேகப்படுறீங்களா?" என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். "எனக்கும் சேர்த்துத்தான் அண்ணே இந்த விதி, முதல் கையெழுத்து நான் போடறேன்" என்று சொல்லிப் பேனாவை எடுங்கள்.

தகவல் வாங்க இரண்டு பேரை நியமியுங்கள். ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது. ஒருவர்மேலேயே புகார் வந்தால் பிள்ளைக்கு இன்னொரு வாசல் வேண்டும் அல்லவா? தலைவர்மேலேயே புகார் என்றால் என்ன செய்வது என்பதையும் அதே கூட்டத்தில், யார் பெயரும் அடிபடாத நல்ல நாளிலேயே எழுதிவிடுங்கள்: அவருக்குச் சொல்லாமல் நேராக வெளியே தகவல் போகும், விசாரணை முடியும்வரை அவர் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு வரமாட்டார்.

சுவரில் பூட்டிய புகார்ப் பெட்டி வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. பெட்டி முன் நிற்கும் பிள்ளையை எல்லாரும் பார்ப்பார்கள். அதற்குப் பதில் 999, 15999 இரண்டையும் பெரிய எழுத்தில் கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். அங்கேதான் பிள்ளை தனியாக இருந்து மனப்பாடம் செய்ய முடியும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு சோதனை செய்யுங்கள். முன்னறிவிப்பில்லாமல் ஒரு உதவியாளரைக் கேளுங்கள்: "இப்ப ஒரு பிள்ளை வந்து சொன்னா, முதல்ல என்ன செய்வீங்க?" அவர் "தலைவர்கிட்ட சொல்லுவேன்" என்றால் விதி இன்னும் தாளில்தான் இருக்கிறது. மறுபடி உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். எழுதிய குறிப்புகளைப் பூட்டிய இடத்தில் வைத்திருக்கிறீர்களா, சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் அன்றைக்கே பாருங்கள்.

அவள் திரும்பி வரும் நாள்

வழக்கு மாதக்கணக்கில் போகும். ஒரு சனிக்கிழமை அவள் மறுபடி மண்டப வாசலில் நிற்பாள். மற்றப் பிள்ளைகளிடம் முன்னமே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: எங்கே போயிருந்தாய் என்று யாரும் கேட்கக்கூடாது. கட்டியணைத்து அழாதீர்கள். தனியாகக் கூப்பிட்டு "இப்ப எப்படி இருக்க?" என்று துருவாதீர்கள். பேச வேண்டும் என்று தோன்றினால் அவளே படிக்கு வருவாள், அவளுக்கு அந்தப் படி தெரியும். வழக்கமான இடத்தில் உட்காரவைத்து, அவள் விட்டுப்போன பக்கத்திலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.